மேயருக்கு ஓட்டுப் போடப் பட்டன் கிடையாது: கடலூர்க்காரர்கள் மேயர் தேர்தலில் என்ன செய்யலாம்

முதலில் ஒரு விஷயத்தைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எங்கள் தெருவிலேயே பாதிப் பேருக்கு இது தெரியவில்லை. கடலூர் மாநகராட்சியில் மேயருக்கு நாம் ஓட்டுப் போடுவதில்லை. வாக்குச்சாவடிக்குப் போனால் ஒரே ஒரு ஓட்டுதான், அது உங்கள் வார்டு கவுன்சிலருக்கு. இப்படி 45 வார்டிலும் ஜெயித்து வருகிற 45 பேர், தங்களுக்குள் ஒருவரை மேயராகத் தேர்ந்தெடுப்பார்கள். இதற்கு மறைமுகத் தேர்தல் என்று பெயர்.

அப்படியானால் மேயர் தேர்தலில் நமக்கு என்ன வேலை என்று கேட்பீர்கள். நிறைய இருக்கிறது, ஆனால் அதையெல்லாம் ஓட்டுப் போடுவதற்கு முன்னாலேயே செய்து முடிக்க வேண்டும். நான் சொல்ல வருவது அவ்வளவுதான். மேயர் யார் என்பது உங்கள் வார்டு ஓட்டிலேயே பாதி முடிவாகிவிடுகிறது, அதனால் வார்டு ஓட்டைப் போடும்போதே மேயரையும் மனதில் வைத்துக்கொண்டு போடுங்கள். எப்படிச் செய்வது என்று எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன்.

ஊரில் பெரியவர்களுக்குக் குழப்பம் வருவதில் நியாயம் இருக்கிறது. 2011-ல் கடலூர் நகராட்சியாக இருந்தபோது சேர்மனுக்கு ஒரு ஓட்டு, கவுன்சிலருக்கு ஒரு ஓட்டு என்று இரண்டு போட்டோம். தமிழ்நாட்டில் இந்த முறை மாறி மாறித்தான் வந்திருக்கிறது: 1996, 2001 தேர்தல்களில் நேரடி, 2006-ல் மறைமுகம், 2011-ல் மறுபடியும் நேரடி. 2019 நவம்பரில் ஒரு அவசரச் சட்டம் கொண்டுவந்து மறைமுகத் தேர்தல் என்று மாற்றினார்கள், 2022 தேர்தல் அந்த முறையில்தான் நடந்தது. கடலூர் 2021-ல்தான் மாநகராட்சி ஆனது, அதனால் 2022-ல் வந்தவர்தான் நம் ஊரின் முதல் மேயர், சுந்தரி ராஜா.

அந்தத் தேர்தலின் தேதிகளை ஒருமுறை வரிசையாகப் பாருங்கள். ஜனவரி 26 அன்று அறிவிப்பு. ஜனவரி 28-லிருந்து பிப்ரவரி 4 வரை வேட்புமனு. பிப்ரவரி 19 ஓட்டுப்பதிவு, 22 எண்ணிக்கை. மார்ச் 2 கவுன்சிலர்கள் பதவியேற்பு, மார்ச் 4 மேயர் தேர்தல். அப்போது ஆளுங்கட்சியாக இருந்த தி.மு.க. தன் மேயர் வேட்பாளர்கள் இன்னார் என்று பட்டியல் வெளியிட்டது மார்ச் 3 அன்று. அதாவது நாம் ஓட்டுப் போட்டு 12 நாள் கழித்துத்தான், அதுவும் மேயர் தேர்தலுக்கு முதல் நாள்தான் பெயர் தெரிந்தது. அதற்குப் பிறகு நாம் யாரிடம் போய் என்ன கேட்க முடியும்? கேட்க வேண்டியதை எல்லாம் பிப்ரவரி 19-க்கு முன்னாலேயே கேட்டிருக்க வேண்டும்.

இந்த மன்றத்தின் ஐந்து ஆண்டுக் காலம் 2027 மார்ச்சோடு முடிகிறது. அந்த நாள் வருவதற்குள் தேர்தலை நடத்தி முடிக்க வேண்டும் என்பது அரசியல் சட்டத்தில் உள்ள விதி. ஆனால் 2016-ல் பதவிக்காலம் முடிந்த பிறகு தேர்தல் நடக்காமல், 2022 வரை தமிழ்நாட்டு நகரங்கள் எல்லாம் தனி அலுவலர் கையில்தான் இருந்தன. அதனால் தேதி எப்போது வந்தாலும் சரி, நீங்கள் தயாராக இருங்கள்.

சரி, முதல் வேலை பட்டியல். உள்ளாட்சித் தேர்தலை நடத்துவது மாநிலத் தேர்தல் ஆணையம், அது வேறு. சட்டமன்றத்துக்கும் நாடாளுமன்றத்துக்கும் தேர்தல் நடத்துகிற இந்தியத் தேர்தல் ஆணையம் வேறு. ஆனால் வாக்காளர் பட்டியல் ஒன்றுதான்: சட்டமன்றப் பட்டியலை எடுத்து வார்டு வாரியாகப் பிரித்துக்கொள்வார்கள். அந்தப் பிரிக்கிற இடத்தில்தான் பலருக்கும் தொல்லை வருகிறது. எங்கள் வீட்டிலேயே நடந்தது. 2022-ல் நானும் அப்பாவும் ஒரு வார்டில் இருக்க, அம்மாவின் பெயர் மட்டும் பக்கத்து வார்டில் போய் உட்கார்ந்திருந்தது. அது தெரியாமல் மூன்று பேரும் சேர்ந்து போய் முக்கால் மணி நேரம் வரிசையில் நின்றோம். மேஜையில் இருந்தவர் பட்டியலின் மேல் ஸ்கேலை வைத்து ஒவ்வொரு வரியாக இறக்கிப் பார்த்துவிட்டு, “உங்க பேரு இதுல இல்லம்மா, அடுத்த பள்ளிக்கூடத்துல பாருங்க” என்றார். அம்மாவுக்கு முட்டி வலி. வெயிலில் அந்தப் பள்ளிக்கூடம் வரை நடந்தே போய், அங்கே இன்னொரு வரிசையில் நின்று போட்டுவிட்டு வந்தார். தன்னிடம் ஓட்டுக் கேட்டு யாருமே வரவில்லை, யார் நிற்கிறார்கள் என்றே தெரியாமல் போட்டேன் என்று இன்னமும் சொல்லிக்கொண்டிருக்கிறார். எனக்கு அந்த நடையைவிட அதுதான் அதிகம் உறுத்துகிறது.

அதனால் அறிவிப்பு வரும் வரை காத்திருக்காதீர்கள். போன தடவை அறிவிப்புக்கும் ஓட்டுப்பதிவுக்கும் நடுவில் 24 நாள்தான் இருந்தது. இப்போதே சட்டமன்றப் பட்டியலில் உங்கள் பெயர், பாகம் எண், வரிசை எண் மூன்றையும் பார்த்துக் குறித்து வையுங்கள். 2025 நவம்பரில் தொடங்கிய சிறப்புத் தீவிரத் திருத்தத்தில் தமிழ்நாடு முழுக்க ஏராளமான பெயர்கள் நீக்கப்பட்டன, அதனால் போன தேர்தலில் ஓட்டுப் போட்டேனே என்ற நம்பிக்கையில் இருந்துவிட வேண்டாம். பெயர் இல்லையென்றாலோ புதிதாக 18 வயது ஆகிறதென்றாலோ படிவம் 6. வீடு மாறியிருந்தாலோ பெயரில், முகவரியில் பிழை இருந்தாலோ படிவம் 8. உங்கள் பகுதி பி.எல்.ஓ.விடமே, அதாவது வாக்குச்சாவடி நிலை அலுவலரிடமே கொடுக்கலாம், பெரும்பாலும் அங்கன்வாடி ஊழியராகவோ ஆசிரியராகவோ இருப்பார், தெருவில் யாரையாவது கேட்டால் ஆளைக் காட்டிவிடுவார்கள். சந்தேகம் இருந்தால் 1950-க்கு போன் செய்யுங்கள். வார்டு பட்டியல் தனியாக வெளியானதும் வீட்டில் உள்ள எல்லோரும் ஒரே வார்டில் இருக்கிறார்களா என்று மறுபடி ஒருமுறை பாருங்கள். முதுநகரில் வீடு மாறி செம்மண்டலம், கூத்தப்பாக்கம் பக்கம் வந்தவர்கள், மஞ்சக்குப்பத்தில் வாடகைக்கு இருப்பவர்கள் இதைக் கட்டாயம் செய்யுங்கள்.

அடுத்தது இட ஒதுக்கீடு. இதை யாரும் பெரிதாகக் கவனிப்பதில்லை, ஆனால் மேயர் யார் ஆகலாம் என்பது இங்கேதான் முக்கால்வாசி சுருங்கிவிடுகிறது. 2022-ல் கடலூர் மேயர் பதவி பெண்களுக்கு, பொதுப் பிரிவில், ஒதுக்கப்பட்டது. அப்படியென்றால் 45 வார்டிலும் ஜெயித்த பெண் கவுன்சிலர்களில் ஒருவர்தான் மேயர் ஆக முடியும். ஒதுக்கீட்டு அரசாணை தேர்தலுக்கு முன்னாலேயே வந்துவிடும். வந்ததும் எடுத்து வைத்துக்கொண்டு, எந்தக் கட்சி எந்த வார்டில் யாரை நிறுத்துகிறது என்று பார்த்தால், கட்சி மேயராக்க நினைக்கிற ஆள் யார் என்பதை ஓரளவு ஊகிக்கலாம். மாவட்டச் செயலாளர் வீட்டுக்கு நெருக்கமானவர், பழைய சேர்மன் குடும்பம், திடீரென்று வேறு வார்டில் போய் நிற்பவர், இவர்களைக் கவனியுங்கள். கவுன்சிலருக்கு நிற்பவர் இந்த மாநகராட்சியின் வாக்காளராக இருந்தால் போதும், எந்த வார்டிலும் நிற்கலாம், முன்மொழிபவர்தான் அந்த வார்டுக்காரராக இருக்க வேண்டும். ஓ.டி.யில், அதாவது முதுநகரில் இருப்பவர் புதுப்பாளையத்தில் வந்து நின்றால் ஏன் என்று கேட்கலாம், தப்பே இல்லை.

வேட்பாளரைப் பற்றி விசாரிக்கத் தெரு டீக்கடை மட்டும் போதாது. ஒவ்வொருவரும் வேட்புமனுவோடு சொத்து, கடன், வழக்கு விவரங்களை உறுதிமொழிப் பத்திரமாகக் கொடுக்கிறார்கள். அதைக் கேட்டு வாங்கிப் படிக்கலாம். 21 வயது நிரம்பியிருக்க வேண்டும் என்பதோடு, மாநகராட்சியில் நடப்பு ஒப்பந்த வேலை வைத்திருப்பவர் நிற்க முடியாது என்பதும் விதி. இதை நான் பெரிதாக நினைக்கிறேன். ரோடு போடுகிறவரே ரோடு போடச் சொல்லிக் கை தூக்கினால் எப்படி? காண்டிராக்டர் தன் மனைவி பேரில் நிற்கிறாரா என்று உங்கள் தெருவுக்குத் தெரியும், ஆணையத்துக்குத் தெரியாது.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன். வேட்பாளர் வாசலுக்கு வருவார். ஆரத்தி, பட்டாசு, பத்துப் பேர், ஒரு ஆட்டோ, ஒரு ஸ்பீக்கர். அந்த ஒன்றரை நிமிடம்தான் உங்களுக்குக் கிடைக்கும், அதில் இந்த ஒரு கேள்வியைக் கேளுங்கள்: நீங்கள் ஜெயித்தால் மேயராக யாருக்கு ஓட்டுப் போடுவீர்கள்?

நான் 2022-ல் கேட்டேன். வந்தவர் ஒரு அக்கா, எங்கள் பக்கத்துத் தெருக்காரர்தான், நல்ல மாதிரி. தட்டில் இருந்த கற்பூரம் இன்னும் எரிந்துகொண்டிருந்தது. “அக்கா, நீங்க ஜெயிச்சா மேயருக்கு யாருக்குப் போடுவீங்க?” என்றதும் அவர் என்னைப் பார்க்கவில்லை, பின்னால் திரும்பித் துண்டு போட்டிருந்த ஒருவரைப் பார்த்தார். அவர்தான் பதில் சொன்னார்: “தலைமை யாரைச் சொல்லுதோ அவங்களுக்குத்தான் தம்பி.” அக்கா அதற்குப் பிறகு என் பக்கம் திரும்பி, “உங்க சந்துக்கு ரோடு போட்டுத் தர்றேன் தம்பி” என்றார். அந்த அக்காவைக் குறை சொல்ல நான் இதை எழுதவில்லை. அவரிடம் அந்தக் கேள்வியை அதுவரை யாருமே கேட்டதில்லை என்பது அவர் முகத்திலேயே தெரிந்தது. பத்து வாசலில் கேட்டிருந்தால் பதினோராவது வாசலில் அவர் ஒரு பதிலோடு வந்திருப்பார். இருபது வாசலில் கேட்டிருந்தால் துண்டு போட்டவரே யோசித்திருப்பார்.

தனியாகக் கேட்கக் கூச்சமாக இருந்தால் தெருவாகச் சேர்ந்து கேளுங்கள். மகளிர் குழுவில் இருக்கிறவர்கள் நான்கு பேர் ஒன்றாக நின்று கேட்டால் நழுவ முடியாது. கூடவே ஊர்ப் பிரச்சினை ஒன்றைக் கேளுங்கள், சந்துப் பிரச்சினை இல்லை, ஊர்ப் பிரச்சினை. கெடிலம் ஆற்றங்கரையில் குப்பை கொட்டுவதற்கு மாநகராட்சி மன்றத்தில் என்ன பேசுவீர்கள்? பேருந்து நிலையம் எங்கே இருக்க வேண்டும் என்று நினைக்கிறீர்கள்? 2015 வெள்ளம், 2011 தானே புயல், 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயல் முடிந்ததும் பெண்ணையாற்றில் வந்த தண்ணீர், இதெல்லாம் பார்த்த ஊர் நம்முடையது, மழைக்கு முன்னால் வாய்க்கால் தூர்வார யார் கணக்குக் கேட்பார்கள்? பதில் என்ன என்பதைவிட, அவரே பேசுகிறாரா அல்லது பக்கத்தில் இருப்பவர் பேசுகிறாரா என்று பாருங்கள். மன்றக் கூட்டத்தில் அந்தத் துண்டு போட்டவர் உட்கார முடியாது.

உங்கள் ஒரு ஓட்டுக்கு எவ்வளவு பலம் என்று ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பாருங்கள். 2011 கணக்கெடுப்பில் கடலூரில் சுமார் 1.73 லட்சம் பேர். 45-ஆல் வகுத்தால் வார்டுக்குச் சராசரியாக நாலாயிரத்துக்கும் குறைவு, அதில் குழந்தைகளைக் கழித்து, வராதவர்களையும் கழித்தால் ஓட்டுப் போடுகிறவர்கள் இன்னும் குறைவு. நான்கு முனைப் போட்டி வந்தால் ஒரு தெரு நினைத்தால் கவுன்சிலரை மாற்றிவிடலாம். 45-ல் 23 பேர் ஒரு பக்கம் நின்றால் மேயர் முடிவாகிவிடுகிறார். இவ்வளவு கிட்டத்தில் ஒரு எம்.எல்.ஏ. தேர்தலில்கூட நம்மால் போக முடியாது. அப்படியும் 2022-ல் தமிழ்நாட்டில் சராசரி வாக்குப்பதிவு 60.7 சதவீதம்தான், சென்னையில் 43-ஐத்தான் தொட்டது.

பணம் கொடுப்பார்கள். டோக்கன் வரும், வெள்ளிக் கொலுசு வரும் என்று பேச்சு வரும். வாங்காதீர்கள் என்று நான் சொன்னால் கேட்பீர்களா தெரியவில்லை, ஆனால் இதை மட்டும் யோசியுங்கள்: 2022 மார்ச்சில் மன்றம் அமைந்தது, ஏப்ரலில் தமிழ்நாடு முழுக்கச் சொத்து வரி உயர்வு அறிவிப்பு வந்தது. நம் மாதிரி ஊர்களில் 600 சதுர அடிக்கு உட்பட்ட வீட்டுக்கு 25 சதவீதம், 1,200 வரை 50, 1,800 வரை 75, அதற்கு மேல் 100. அது மன்றத்தின் தீர்மானத்துக்கு வந்த விஷயம். ஓட்டுக்கு வாங்கியதை ஒரே அரையாண்டு ரசீதில் திருப்பிக் கட்டியவர்கள் எங்கள் தெருவில் உண்டு.

ஓட்டுப் போடும் நாள் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. காலை 7 மணிக்குத் தொடங்கும். பூத் ஸ்லிப் இல்லாவிட்டாலும் பட்டியலில் பெயர் இருந்தால் போதும், வாக்காளர் அட்டையோ ஆதாரோ ஓட்டுநர் உரிமமோ போட்டோ ஒட்டிய வங்கிப் பாஸ்புக்கோ கொண்டு போங்கள். இயந்திரத்தில் ஒரே பட்டன், பீப் சத்தம் முடியும் வரை நில்லுங்கள். சட்டமன்றத் தேர்தலில் பார்த்த மாதிரி சீட்டு விழுகிற பெட்டியும் நோட்டாவும் 2022-ல் இல்லை, அதைத் தேடிக்கொண்டு நிற்காதீர்கள். உங்கள் பேரில் வேறு யாரோ போட்டுவிட்டுப் போயிருந்தால் சும்மா திரும்பி வராதீர்கள், தலைமை அலுவலரிடம் டெண்டர் ஓட்டுக் கேளுங்கள், தாளில் போடக் கொடுப்பார்கள்.

எண்ணிக்கை முடிந்தால் நம் வேலை முடிந்தது என்று எல்லோரும் டி.வி.யை அணைத்துவிடுகிறார்கள். உண்மையில் மேயர் தேர்தல் அன்றைக்குத்தான் தொடங்குகிறது. 2022-ல் பிப்ரவரி 22-லிருந்து மார்ச் 4 வரை பத்து நாள். கவுன்சிலர்களை வெளியூர் விடுதிகளுக்கு அழைத்துப்போகிற காலம் இதுதான். கடலூரில் அப்போது ஒரே கட்சிக்குள்ளேயே இரண்டு பேர் மோதி, வாக்கெடுப்பு வரை போனது. மறைமுகத் தேர்தல் ரகசிய வாக்கெடுப்பு, மாநகராட்சி ஆணையர்தான் நடத்துவார். கட்சித் தாவல் தடைச் சட்டம் என்று நாம் சொல்வது, அரசியல் சட்டத்தின் பத்தாவது அட்டவணை, எம்.பி., எம்.எல்.ஏ.க்களுக்குத்தான். கவுன்சிலர் தன் மனசாட்சிப்படி போட்டால் அந்தச் சட்டத்தின் கீழ் பதவி பறிபோகாது. இதை அவருக்கே யாராவது சொல்ல வேண்டும். ஜெயித்துவிட்டு அவர் உங்கள் தெருவுக்கு வரும்போது, மாலைக்குப் பதிலாகக் கையெழுத்துப் போட்ட ஒரு தாளைக் கொடுங்கள்: எங்கள் வார்டுக்கு மேயராக இப்படிப்பட்டவர் வேண்டும், வேலை தெரிந்தவர், தானே கூட்டம் நடத்துபவர், இன்ன பிரச்சினையை முதலில் எடுப்பவர். பெயர் எழுத வேண்டும் என்றுகூட இல்லை. போன் எண்ணை வாங்கி வைத்துக்கொண்டு அந்தப் பத்து நாளில் ஒருமுறையாவது பேசுங்கள்.

பாதியில் மேயர் மாறினாலும் இதே கதைதான். 2024 ஜூலையில் கோவை, நெல்லை இரண்டு மேயர்களும் ராஜினாமா செய்தார்கள். ஆகஸ்டில் புது மேயர் வந்தார், மக்கள் யாரும் வரிசையில் நிற்கவில்லை. நெல்லையில் கட்சி நிறுத்தியவரை எதிர்த்து அதே கட்சிக் கவுன்சிலர் நின்று 23 ஓட்டு வாங்கினார், ஜெயித்தவருக்கு 30. அங்கே நான்கு கவுன்சிலர்கள் மனம் மாறியிருந்தால் வேறு ஆள்தான் மேயர். அதே ஜூலையில் காஞ்சிபுரம் மேயர் மேல் நம்பிக்கையில்லாத் தீர்மானம் வந்தது, கூட்டத்துக்குக் கவுன்சிலர் ஒருவரும் வராததால் அது தோற்றது. உங்கள் கவுன்சிலரோடு பேசிப் பழக்கம் இருந்தால்தான் இந்த மாதிரி நேரத்தில் நீங்கள் ஒரு வார்த்தை சொல்ல முடியும்.

முள்ளோடை தாண்டினால் புதுச்சேரி. அங்கே என் சித்தி மகன் இருக்கிறான், நான் இதையெல்லாம் சொல்லும்போது ஏக்கமாகக் கேட்பான். அவர்களுக்கு 1968-க்குப் பிறகு 2006-ல்தான் நகராட்சித் தேர்தல் நடந்தது, அந்தக் காலம் 2011-ல் முடிந்தது. 2021-ல் அறிவிப்பு வந்தும் நின்றுபோனது. மேரி என்கிற பிரெஞ்சுக்காரர் காலத்து நகராட்சிக் கட்டடம் 2014-ல் இடிந்து விழுந்ததை அதே மாதிரி திரும்பக் கட்டி 2021-ல் திறந்தார்கள், கட்டடம் வந்தது, தேர்தல் வரவில்லை. “தெரு விளக்கு எரியலைன்னா எம்.எல்.ஏ. வீட்டுக்குத்தான் போகணும்” என்பான். நமக்கு வார்டுக்கு ஒருவர் இருக்கிறார், அதை வீணாக்கக் கூடாது என்று எனக்குத் தோன்றுவது அவனைப் பார்த்துத்தான்.

மேயர் வந்த பிறகு செய்ய வேண்டியது ஒன்று பாக்கி இருக்கிறது. மன்றக் கூட்டம் மாதம் ஒருமுறை நடக்க வேண்டும், மேயர்தான் தலைமை, தீர்மானங்களை நிறைவேற்றுகிற அதிகாரி ஆணையர். கூட்டத்துக்கு முன்னால் தீர்மானப் பொருள் பட்டியல் கவுன்சிலர் கைக்கு வரும். அதில் உங்கள் வார்டு இருக்கிறதா என்று கேளுங்கள், முடிந்தால் ஒரு போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். 2022 நவம்பர் 1 உள்ளாட்சி தினத்திலிருந்து நகரங்களிலும் பகுதி சபைக் கூட்டம் நடத்துகிறார்கள், கிராம சபை மாதிரி. கவுன்சிலர்தான் தலைமை. போனால் நாற்காலி பாதி காலியாக இருக்கும். முன்வரிசையில் உட்கார்ந்து, வாய்மொழியாக மட்டும் சொல்லாமல் எழுதிக் கொடுத்து, பதிவேட்டில் ஏறுகிறதா என்று பார்த்துவிட்டு எழுந்து வாருங்கள். அந்த அக்கா ஜெயித்து இரண்டாவது வருடம் எங்கள் சந்துக்கு ரோடு வந்தது. அதே பகுதி சபையில் நான் கெடிலக்கரைக் குப்பையை எழுதிக் கொடுத்தபோது, இந்தத் தடவை அவர் பின்னால் திரும்பிப் பார்க்காமல் தானே வாங்கிப் படித்தார், மன்றத்தில் பேசுகிறேன் என்றார். அடுத்த மாதம் பேசினாரா என்று போன் செய்து கேட்டேன். பேசியிருந்தார்.